குட்டைக் குழல், கருமருந்து, மான் வேட்டை: பேரல் நீளத்துல என்னதான் இருக்கு?

அமெரிக்கால மருந்து கெட்டிச்சுச் சுடுற துப்பாக்கியோட மான் வேட்டைக்குப் போறவங்க மத்தியில ஒரு சண்டை ஓயவே ஓயாது. பேரல் குட்டையா இருந்தா பவர் போச்சுன்னு ஒரு கூட்டம் சொல்லும், அடர்ந்த காட்டுக்குள்ள அஞ்சடி நீளத் துப்பாக்கிய இழுத்துட்டு அலையிறவனுக்கு புத்தி இல்லன்னு இன்னொரு கூட்டம் சொல்லும். என்னக் கேட்டா ரெண்டு பேருமே தேவையில்லாத எடத்துல மல்லுக்கட்டுறாங்க. பவர் குறையுறது உண்மைதான், ஆனா குண்டு மான்கிட்ட போய்ச் சேர்றதுக்குள்ள அந்த வித்தியாசத்துல பாதிய காத்தே தின்னுடுது. குட்டைக் குழலுக்கு நாம கொடுக்குற நெசமான விலை வேற எடத்துல இருக்கு, அது குறி பாக்குற எடத்துல.

மொதல்ல இந்தத் துப்பாக்கி எப்படி வேலை செய்யுதுன்னு பாத்துடுவோம், தெரிஞ்சவங்க அடுத்த பாராவுக்குப் போயிடுங்க. தோட்டான்னு ஒண்ணு கிடையாது. குழலோட வாய் வழியா அளந்து கருமருந்தக் கொட்டணும், அதுக்கு மேல எண்ணெயோ கொழுப்போ தடவுன பருத்தித் துணித் துண்டுல ஈயக்குண்ட வச்சு, ராம்ராட் கம்பியால அடி வரைக்கும் தள்ளி மருந்து மேல நல்லா உக்கார வைக்கணும். பின்னாடி பக்கத்துல நெருப்பு கொடுக்க மூணு வழி. பழைய வழி சக்கிமுக்கிக் கல், அதான் ஃப்ளின்ட்லாக், கல்லு இரும்புல உரசி பொறி பறந்து வெளிய இருக்குற சின்னக் கிண்ணி மருந்துல விழுந்து, அங்கிருந்து ஒரு ஓட்டை வழியா நெருப்பு உள்ள போகும். அடுத்தது கேப் வைக்கிற ரகம், தீபாவளிக்குப் பசங்க வெடிக்கிற பொட்டு வெடிக்கு அண்ணன்னு வச்சுக்கோங்க, சுத்தியல் மாதிரி இருக்குற குதிரை அடிச்சதும் வெடிச்சு நெருப்ப நேரா உள்ள அனுப்பும். மூணாவது இன்லைன், பாக்க நவீன ரைஃபிள் மாதிரியே இருக்கும், கேப்போ, 209 ப்ரைமர்ன்ற இன்னொரு வகை கேப்போ குழலுக்கு நேர் பின்னாடியே இருக்கும்.

நம்மூர் மலைப்பக்கத்துல போலீஸ் புடிச்சதா பேப்பர்ல வருதே நாட்டுத்துப்பாக்கி, அதுவும் இதே வாய் வழியா கெட்டிக்கிற ஜாதிதான், ஆனா அதுல பெரும்பாலும் குழல் உள்பக்கம் வழவழன்னு இருக்கும், குண்டச் சுழல வைக்கிற மரை இருக்காது. இந்தியால 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டைன்றதே குத்தம், அதனால இந்தப் பேச்சு முழுக்க அமெரிக்காவப் பத்தினதுதான். அங்க மான் வேட்டை அரசாங்கம் லைசென்ஸ் குடுத்து, சீசன் வச்சு, எண்ணிக்கை பாத்து நடத்துற வேலை. 1900 வாக்குல வெள்ளைவால் மான் அங்க சில லட்சத்துக்குக் கொறஞ்சு போயிருந்தது, இப்போ கோடிக்கணக்குல இருக்கு, அதுக்கு வேட்டைக்கட்டுப்பாடும் ஒரு காரணம், 1937ல வந்த பிட்மன்–ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா மேல விழுற வரிப்பணம் வனவிலங்கு வேலைக்குப் போறது இன்னொரு காரணம்.

இப்போ நீளம். குட்டை ரைஃபிள்ன்றது ஏதோ இப்ப வந்த ஃபேஷன்னு நெனைக்கிறவங்க நெறைய. உண்மைல அமெரிக்க ரைஃபிளோட பாட்டனே குட்டைதான். ஜெர்மனி, சுவிட்சர்லாந்துல இருந்து 1700களோட ஆரம்பத்துல பென்சில்வேனியாவுக்கு வந்து குடியேறுனவங்க கொண்டு வந்தது யேகர் ரைஃபிள். குழல் ரெண்டு, ரெண்டரை அடிக்குள்ள அடங்கிடும், வாய் மட்டும் பெருசு, .60 காலிபருக்கு மேலயே, அதாவது வாய் அகலம் 0.60 இஞ்சுக்கு மேலயே இருக்கும். ஐரோப்பியக் காட்டுல கிட்டத்துல வர்ற சிவப்பு மானையும் காட்டுப்பன்னியையும் சுடுறதுக்குன்னு செஞ்சது அது, நடந்தும் போகலாம், குதிரைலயும் தூக்கிட்டுப் போகலாம்.

அதே ஆளுங்க, அவங்க பிள்ளைங்க, லான்காஸ்டர் பக்கம் பட்டறை போட்டு அந்தத் துப்பாக்கிய நீட்டிக்கிட்டே போனாங்க, 40 இஞ்ச், 42, 44ன்னு. வாய மட்டும் சுருக்குனாங்க. ஏன்னு கேட்டா மொதல் காரணம் சிக்கனம். .62 காலிபர்க் குண்டு ஒரு பவுண்டு ஈயத்துல கிட்டத்தட்ட 20 தான் வார்க்க முடியும், .45 காலிபர்னா அதே ஈயத்துல 50க்கு மேல வரும். மருந்தும் கம்மியாப் போதும். கடைத்தெருவே பல நாள் நடை தூரத்துல இருக்குற காட்டு வாழ்க்கைல இது சாதாரண விஷயம் இல்ல. ரெண்டாவது காரணம் குறி, அத கொஞ்சம் கழிச்சுப் பேசுவோம், ஏன்னா முழு விஷயமும் அங்கதான் இருக்கு.

அப்புறம் ஜனங்க மேற்க நகர்ந்தாங்க, குதிரை வந்தது, மானுக்குப் பதிலா எல்க், காட்டெருமை, கிரிஸ்லி கரடின்னு பெரிய உருப்படிங்க எதிர்ல வந்தது. செயின்ட் லூயிஸ்ல ஜேக்கப் ஹாக்கன், சாமுவேல் ஹாக்கன்னு ரெண்டு அண்ணன் தம்பி செஞ்ச ரைஃபிள் மறுபடி சுருங்கி 34 இஞ்ச் பக்கம் வந்து நின்னது, வாய் மறுபடி பெருத்தது, எடை நாலரை கிலோ பக்கம். கனடா வடக்குல ஹட்சன்ஸ் பே கம்பெனி ஆதிவாசி மக்கள்கிட்ட ரோமத்தோலுக்கு வித்த வழவழ குழல் துப்பாக்கிகளயும் சில பேர் அறுத்துக் குட்டையாக்கி வச்சிருந்தாங்க. இங்கிலாந்துல பீரங்கிப்படை ஆளுங்களுக்குன்னு 24 இஞ்ச் குழல்ல .577 என்ஃபீல்டு கார்பைன், அதாவது குட்டைத் துப்பாக்கி, இருந்தது, அதோட நகல பிற்காலத்துல பர்மிங்ஹாம்ல பார்க்கர்-ஹேல் கம்பெனி செஞ்சு வித்து, அமெரிக்காவுலயும் நெறைய பேர் மஸ்கடூன்னு சொல்லி மானுக்குத் தூக்கிட்டுப் போனாங்க. ஆக நீளம் ஏறி எறங்கி ஏறி எறங்கித்தான் வந்திருக்கு, காடு எப்படி, வேலை என்னன்றதப் பொறுத்து.

இன்னைக்கு வேட்டைக்காரன் கைல இருக்குற குட்டைக் குழலோட கதை 1970ல ஆரம்பிக்குது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் ராச்செஸ்டர்ல தாம்சன்/சென்டர் கம்பெனி ஹாக்கன்ற பேர்லயே ஒரு துப்பாக்கி விட்டாங்க, அசல் ஹாக்கனுக்கும் அதுக்கும் பேர்லதான் ஒத்துமை அதிகம், 28 இஞ்ச் குழல் தான் அதுல. ஆனா கருமருந்து வேட்டைய சாதாரண ஆளுகிட்ட கொண்டு போனது அதான். அதுக்கப்புறம் அதே கம்பெனி ஒயிட் மவுன்டன் கார்பைன்னு 21 இஞ்ச் பக்கம் குழல் வச்ச ஒண்ணு விட்டுச்சு, எடை மூணு கிலோ பக்கம்தான், தோள்ல மாட்டுற பெல்ட்டோட காட்டுக்குள்ள ஓட ஏத்த சாமான். லைமேன் டீர்ஸ்டாக்கர் 24 இஞ்ச், டிரெடிஷன்ஸ் டீர்ஹன்டர் 24 இஞ்ச். குட்டைன்னு நான் சொல்றது இந்த 20ல இருந்து 24 இஞ்ச் ரகத்ததான்.

சரி, பவர் கணக்கு. கருமருந்துன்றது வெடியுப்பு 75 பங்கு, கரி 15, கந்தகம் 10. இதுல பாதிக்கு மேல எரிஞ்சு முடிஞ்சதும் வாயுவா ஆகாம பொகையாவும் கசடாவும்தான் மிஞ்சும், அதனாலதான் அவ்ளோ பொகை, சுட்ட அப்புறம் குழல் அவ்ளோ அழுக்கு. நவீன புகையில்லா மருந்து மாதிரி மெதுவா எரிஞ்சு குழல் முழுக்கத் தள்ளிட்டே வராது, ஆரம்பத்துலயே அழுத்தம் ஏறி உச்சத்தத் தொட்டுட்டு சரசரன்னு எறங்கிடும். அதனால குழலோட கடைசி ஏழெட்டு இஞ்ச் குடுக்குற வேகம் மொதல் ஏழெட்டு இஞ்ச் குடுக்குறதுல ஒரு சின்னப் பங்குதான்.

ஒரு கணக்கு போட்டுப் பாப்போம். .50 காலிபர்ல .490 உருண்டைக் குண்டு, எடை 177 கிரெயின், அதாவது பதினொண்ணரை கிராம். 28 இஞ்ச் குழல்ல இருந்து விநாடிக்கு 1800 அடி வேகத்துல கெளம்புதுன்னு வச்சுக்குவோம், 21 இஞ்ச்ல 150 அடி கொறஞ்சு 1650ன்னு வச்சுக்குவோம். குழல் வாசல்லயே பாத்தா நீளக் குழல்காரன் ஜெயிச்சுட்டான், சக்தில கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு அதிகம். ஆனா உருண்டைக் குண்டு காத்துல போற லட்சணம் ரொம்ப மோசம். கூர்மையும் இல்ல, நீளமும் இல்ல, எவ்ளோ வேகமாப் போகுதோ அவ்ளோ வேகமா காத்து அதப் புடிச்சு இழுக்கும். 100 கஜம் போறதுக்குள்ள 1800ல கெளம்புனது 1050 பக்கம் வந்துடும், 1650ல கெளம்புனது ஆயிரத்தச் சுத்தி இருக்கும். 150 அடி வித்தியாசம் அம்பது, அறுவதா சுருங்கிடுச்சு பாருங்க. குண்டு கீழ எறங்குறதுலயும் ரெண்டுக்கும் ஒரு இஞ்ச் அளவுதான் வித்தியாசம் வரும். மானுக்கு அது தெரியவே போறதில்ல.

இதுல இருந்து இன்னொண்ணும் வெளங்கும். குட்டைக் குழல்ல கொறையிற வேகத்த ஈடுகட்டுறேன்னு 100, 110 கிரெயின் மருந்தக் கொட்டுறவங்க இருக்காங்க. கெடைக்கிறது கொஞ்சம் வேகம், அதுக்குக் குடுக்குற விலை பெரிய ஒதையும், வாய்ல பெரிய தீயும், காது கிழியிற சத்தமும், அதிகமான வேகத்த காத்து சீக்கிரமே பறிச்சுக்கவும் செய்யும். உருண்டைக் குண்டுக்கு பவர் வேணும்னா சரியான வழி காலிபர ஏத்துறதுதான். .54ல .530 குண்டு 224 கிரெயின், அதே வேகத்துல போனாலும் கால்வாசிக்கு மேல எடை கூட, காத்தையும் கொஞ்சம் நல்லா சமாளிக்கும். 21 இஞ்ச் .54 கார்பைன்ல 70, 80 கிரெயின் மருந்து போட்டு வச்சா 75 கஜம் வரைக்கும் மானுக்கு தாராளமாப் போதும். கம்பெனி குடுத்த உச்ச அளவு எவ்ளோன்னு அந்தந்தத் துப்பாக்கி மேனுவல்ல பாத்துட்டு, அதுக்குள்ள எந்த அளவுல குண்டுங்க ஒண்ணா போய் விழுதோ அதுதான் அந்தக் குழலுக்கான அளவு, வேகமானிய வச்சு முடிவு பண்ற விஷயம் இல்ல இது.

இப்போ குறிக்கு வருவோம். திறந்த சைட் வச்ச துப்பாக்கில பின்னாடி ஒரு பிளவு, முன்னாடி ஒரு மணி, ரெண்டுக்கும் நடுவுல இருக்குற தூரம்தான் சைட் ரேடியஸ். லான்காஸ்டர்க்காரங்க நீட்டுன அந்த 42 இஞ்ச் லாங் ரைஃபிள்ல இது 34 இஞ்ச் பக்கம் வரும், 21 இஞ்ச் கார்பைன்ல 15 இஞ்ச் வந்தாலே பெருசு. முன்மணிய பிளவுக்கு நடுவுல வைக்கிறதுல ஒரே ஒரு மில்லிமீட்டர் பிசகிடுச்சுன்னு வச்சுக்கோங்க. 70 கஜத்துல, அதாவது 64 மீட்டர்ல, லாங் ரைஃபிள் குண்டு ஏழரை சென்டிமீட்டர் தள்ளிப் போகும். கார்பைன் குண்டு 17 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். மானோட நெஞ்சுப் பகுதில நுரையீரலும் இதயமும் இருக்குற எடம் சுமாரா 20 சென்டிமீட்டர் வட்டம், நடுவுல இருந்து பத்து சென்டிமீட்டர் தான் நமக்கு இருக்குற சலுகை. அதே பிசகு, ஒருத்தன் மானைப் படுக்க வச்சுட்டான், இன்னொருத்தன் குடல்ல சுட்டுட்டு ராத்திரி முழுக்க டார்ச் அடிச்சு ரத்தத்தடம் தேடுறான், இல்ல சுத்தமா தவற விட்டுட்டான்.

ஒரு மில்லிமீட்டர்ன்றது பெரிய பிசகு இல்லையான்னு கேக்கலாம். வெயில் மங்குன நேரம், வெரல் வெறைச்சுப் போன குளிர், நாலு மணி நேரமா அசையாம உக்காந்திருந்துட்டு திடீர்னு மான் எதிர்ல வந்து நிக்கும்போது இதயம் அடிக்கிற அடி, இதெல்லாம் சேந்தா ஒரு மில்லிமீட்டர் ஒண்ணுமே இல்ல. அதோட நாப்பது வயசத் தாண்டுனவங்களுக்குக் கிட்டத்துல இருக்குற பின் பிளவு மங்கலாத் தெரியும், குட்டைக் குழல்ல முன்மணியும் கண்ணுக்குக் கிட்ட வந்துடுறதால அதுவும் கலங்கும். மருந்து பத்தி நாள் பூரா பேசுறவங்க இத ஏன் பேச மாட்டேங்கிறாங்கன்னு எனக்குப் புரியல. இதுக்கு வைத்தியமும் இருக்கு, பின்னாடி பிளவ எடுத்துட்டு பீப் சைட், அதாவது சின்ன ஓட்டை வழியா பாக்குற சைட்ட, துப்பாக்கியோட கழுத்துப் பகுதில கண்ணுக்குக் கிட்டயே பொருத்துறது. சைட் ரேடியஸ் பல இஞ்ச் கூடிடும், கண்ணும் பின் சைட்டப் பத்திக் கவலப்படாம முன்மணியை மட்டும் பாத்தாப் போதும். கார்பைன் வாங்குறவன் மருந்துக்குச் செலவு பண்றதுக்கு முன்னாடி இதுக்குச் செலவு பண்ணணும்.

இன்னொரு குறை, குட்டைத் துப்பாக்கி முன்பக்கம் லேசா இருக்கும். லாங் ரைஃபிள தூக்கிப் புடிச்சா முன்பக்க எடை அத அசையாம வச்சிருக்கும், சுட்ட பிறகும் அப்படியே நிக்கும். ஃப்ளின்ட்லாக்குக்கு இது ரொம்ப முக்கியம், விசைய இழுத்ததுல இருந்து கல்லு அடிச்சு, கிண்ணி மருந்து பத்தி, உள்ள நெருப்பு போயி, குண்டு கெளம்புற வரைக்கும் நவீன ரைஃபிள விட பல மடங்கு நேரம் ஆகும், அந்த நேரம் முழுக்க ஆடாம நிக்கணும். குழல் குட்டைன்றதால குண்டு சீக்கிரம் வெளிய வந்துடும்லன்னு ஒரு வாதம் கேட்டிருக்கேன். ஏழு இஞ்ச் கொறைச்சா மிச்சமாகுறது ஒரு விநாடில மூவாயிரத்துல ஒரு பங்கு, பூட்டு, அதாவது நெருப்பு கொடுக்குற பொறி, எடுத்துக்குற நேரத்துக்கு முன்னாடி அது கால்தூசி. லேசான கார்பைன ஃப்ளின்ட்லாக்கோட சேக்குறதுதான் இருக்கறதுலயே கஷ்டமான ஜோடி, கேப் ரகத்துல இந்தப் பிரச்சினை பாதி கொறைஞ்சிடும்.

இவ்ளோ குறை சொல்லிட்டு அப்புறம் ஏன் ஆளுங்க இத வச்சிருக்காங்க? காட்டப் பாத்தா தெரியும். பென்சில்வேனியாவ எடுத்துக்குவோம். 1974ல இருந்து அங்க ஃப்ளின்ட்லாக்குக்குன்னே தனி மான் சீசன் இருக்கு, மொதல்ல சில அரசு வேட்டை நிலங்கள்ல மட்டும் ஆரம்பிச்சது, இப்போ கிறிஸ்துமஸ் முடிஞ்ச மறுநாள்ல இருந்து ஜனவரி வரைக்கும் நடக்குது. ஸ்கோப், அதான் தொலைநோக்கி சைட், கெடையாது, கேப் கெடையாது, கல்லு மட்டும்தான். அந்த நேரத்துக்குள்ள வில் சீசன், ரைஃபிள் சீசன் எல்லாம் தாண்டி உயிரோட தப்பிச்ச மானுங்க சாதாரண மானுங்க இல்ல, மனுச வாசம் பட்டாலே போய் மவுன்டன் லாரல் புதருக்குள்ள பூந்துக்கும். லாரல்ன்றது இடுப்பு உசரத்துல இருந்து தலை உசரம் வரைக்கும் கொம்பும் கொடியுமா பின்னிக் கெடக்குற, பனிலயும் இலை கொட்டாத புதர். அதுக்குள்ள அஞ்சு பேர் ஒரு பக்கமா நடந்து கலைச்சு விட, அந்தப் பக்கம் நிக்கிறவங்க முன்னால மான் பாஞ்சு ஓடும். அங்க சுடுற தூரம் முப்பது கஜம், நாப்பது கஜம், சில நேரம் அதுக்கும் கம்மி. கலைக்கிற ஆளு கைல 60 இஞ்ச் துப்பாக்கி இருந்தா ஒவ்வொரு கெளையிலயும் மாட்டும், ஹெம்லாக் மரத்துல குமிஞ்சு கெடக்குற பனியெல்லாம் தட்டி விட்டு பூட்டு மேலயே கொட்டிக்குவான். 40 இஞ்சுக்குள்ள அடங்குற கார்பைன அக்குள்ல இடுக்கி, வாயத் தரைப்பக்கம் சாய்ச்சு, பூட்டக் கோட்டுக்குள்ள மறைச்சுக்கிட்டு நடக்கலாம். முப்பது கஜத்துல நான் மேல போட்ட குறிக் கணக்கெல்லாம் பாதிக்கும் கீழ போயிடுது, ஒரு மில்லிமீட்டர் பிசகுனாலும் ஏழு சென்டிமீட்டர்தான் தள்ளும், இன்னும் நெஞ்சுக்குள்ளதான் இருக்கு. அதனால குட்டைக் குழலுக்கு அதோட தூரத்த நாம ஒத்துக்கிட்டாப் போதும், 40 கஜத்துக்குள்ள அது எதுக்கும் தாழ்ந்தது இல்ல.

மரத்து மேல பரண் கட்டி உக்கார்றவங்களுக்கும், தரைல துணிக்கூடாரம் மாதிரி ப்ளைண்டுக்குள்ள உக்கார்றவங்களுக்கும் இதே லாபம். மேல உக்காந்துட்டே ரெண்டாவது தடவை கெட்டிக்கிறது நீளத் துப்பாக்கில சர்க்கஸ் வேலை, கார்பைன்ல முடியும். ஆனா ப்ளைண்டுக்குள்ள ஒரு எச்சரிக்கை: குழல் வாய் கட்டாயம் ஜன்னலுக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கணும். குட்டைக் குழல்காரங்க உள்ள வச்சே சுட்டுடுற ஆபத்து அதிகம், நைலான் துணிக்கும் நல்லது இல்ல, உள்ள இருக்குறவங்க காதுக்கும் நல்லது இல்ல. பரணுக்குக் கயித்துல துப்பாக்கிய இழுக்கும்போது கிண்ணில மருந்தோ, கேப் மாட்டுற நிப்பிள்ல கேப்போ இருக்கவே கூடாது, மேல போய் உக்காந்த அப்புறம்தான்.

கெட்டிக்கிறப்பவும் குட்டைக் குழலுக்கு ஒரு தனிக் கவனம் வேணும். லாங் ரைஃபிளத் தரைல நிறுத்துனா வாய் நம்ம நெஞ்சு, கழுத்து உசரத்துக்கு வரும், கைய எட்டி வச்சுத் தள்ளணும். 40 இஞ்ச் கார்பைன நிறுத்துனா வாய் வயித்துக்கு நேரா நிக்கும், வசதியா இருக்கேன்னு அது மேலயே கவுந்துக்கிட்டுத் தள்றது இயல்பா வந்துடும். அது கூடாது, வெளிப்பக்கமா சாய்ச்சு வச்சுட்டுத்தான் தள்ளணும், முந்தின சூட்டுக் கங்கு உள்ள இருந்தா கொட்டுற மருந்து பத்திக்கும், அதனால மருந்துக் கொம்புல இருந்தோ டப்பாவுல இருந்தோ நேராக் கொட்டாம அளவுக்குழாய்ல எடுத்துத்தான் கொட்டணும். ராம்ராட்ல சரியான லோடு உக்காந்தா எந்த எடம் வரும்னு ஒரு கோடு போட்டு வச்சுக்கோங்க. குண்டு மருந்து மேல உக்காராம நடுவழில நின்னா குழல் வீங்கலாம், வெடிக்கவும் செய்யலாம். புகையில்லா மருந்த அதுக்குன்னு செய்யாத துப்பாக்கில போடுறது தற்கொலை, இது குட்டை நீளம் எல்லாத்துக்கும் பொது.

சுட்ட அப்புறம் என்ன ஆகும்னா, ஒண்ணும் தெரியாது. பொகை மொத்தத்தையும் மறைச்சுடும். காத்து இல்லாத ஈரக் காலைல அது அப்படியே நிக்கும். நெஞ்சுல நல்லா பட்ட மான்கூட அம்பது, நூறு கஜம் ஓடிட்டுத்தான் விழும், அதனால அனுபவசாலிங்க விசை இழுக்குறதுக்கு முன்னாடியே மான் நிக்கிற எடத்துல ஒரு மரத்தையோ பாறையையோ மனசுல குறிச்சு வச்சுக்குவாங்க, சுட்ட கையோட எடத்த விட்டு நகராம மறுபடி கெட்டிச்சுட்டுத்தான் எறங்குவாங்க. உருண்டைக் குண்டு சில நேரம் அந்தப் பக்கத் தோல்லயே நின்னுடும், வெளிய வர்ற ஓட்டை இருக்காது, ரத்தத்தடம் லேசாத்தான் விழும். தூரம் கூடக்கூட இது அதிகமாகும், கிட்டத்துல சுடுங்கன்னு சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இதுவரைக்கும் பழைய ரகம். 1985ல மிசூரில டோனி நைட்ன்றவர் எம்கே-85னு இன்லைன் ஒண்ணக் கொண்டு வந்த பிறகு கருமருந்து வேட்டையோட மொகமே மாறிடுச்சு. நெருக்கமாச் சுத்துற மரை, பிளாஸ்டிக் உறைக்குள்ள வச்ச நீளமான குண்டு, ஸ்கோப், பொடிக்குப் பதிலா உருட்டின மாத்திரை. இதுல குட்டைக் குழலோட கணக்கே வேற, ஸ்கோப் வந்துட்டா சைட் ரேடியஸ் பிரச்சினையே இல்ல, ஆனா கூர்மையான குண்டு காத்துல வேகத்த அவ்ளோ சீக்கிரம் விடாது, அதனால வாசல்ல தொலைச்ச வேகம் 150 கஜத்துலயும் தொலைச்சதாத்தான் இருக்கும். அதான் இன்லைன் கம்பெனிங்க இப்போ எதிர்ப்பக்கம் போயி தூரச் சூட்டுக்குன்னு 30 இஞ்ச் குழல் விக்கிறாங்க. எங்க குட்டைக்கு நஷ்டம் கம்மியோ அங்க பழைய உருண்டைக்குண்டுதான் ராஜா, இத கவனிக்காம ரெண்டு ரகத்தையும் கலந்து பேசுறதாலதான் அந்தச் சண்டை ஓயவே மாட்டேங்குது.

மாநிலங்களும் இதுக்கேத்த மாதிரி ஆளுக்கொரு கோடு போட்டு வச்சிருக்கு. கொலராடோல இன்லைன் சரி, ஆனா மசில்லோடர், அதாவது வாய்வழித் துப்பாக்கி, சீசன்ல ஸ்கோப் கூடாது, மாத்திரை மருந்து கூடாது, பிளாஸ்டிக் உறை கூடாது. ஐடஹோ இன்னும் கறார். பென்சில்வேனியா கடைசி சீசன்ல கல்லு மட்டும். இந்தப் பக்கம் மிசிசிப்பி, லூசியானால ‘ஆதிகால ஆயுத’ சீசன்ற பேர்ல பின்னாடி தோட்டா போடுற ஒத்தைச் சூட்டு ரைஃபிளயே விடுறாங்க, வெளிய தெரியிற குதிரை இருந்தாப் போதுமாம், .45-70 தோட்டா எந்தக் கணக்குல ஆதிகாலம்னு எனக்குத் தெரியல.

சட்டத்துல குட்டைக் குழலுக்குன்னு ஒரு பெரிய குழப்பம் இருக்கு, அதையும் சொல்லணும். 1934ல வந்த தேசியத் துப்பாக்கிச் சட்டப்படி ரைஃபிள்னா குழல் 16 இஞ்சுக்குக் கம்மியா இருந்தாலோ மொத்த நீளம் 26 இஞ்சுக்குக் கம்மியா இருந்தாலோ மத்திய அரசுகிட்ட பதிவு பண்ணணும், 200 டாலர் வரியும் இருந்தது, அந்த வரி மட்டும் 2026 ஜனவரில இருந்து பூஜ்ஜியம் ஆயிடுச்சு, பதிவு அப்படியே இருக்கு. ஆனா தோட்டா போட முடியாத, கருமருந்துக்குன்னே செஞ்ச வாய்வழித் துப்பாக்கிங்கள மத்திய சட்டம் ‘பழங்காலத் துப்பாக்கி’ பட்டியல்ல வச்சு இதுல இருந்து விலக்கிடுச்சு. அதனால 14 இஞ்ச் ஃப்ளின்ட்லாக் வச்சிருந்தாக்கூட மத்திய சட்டத்துல அது குட்டைக் குழல் ரைஃபிள் இல்ல. இதே ஓட்டையப் புடிச்சுத்தான் 2017ல சைலன்சர்கோ கம்பெனி சைலன்சர் நிரந்தரமா பொருத்துன ஒரு மசில்லோடரையே கடைக்குக் கொண்டு வந்தது.

மாட்டிக்கிற எடம் இங்கதான்: அந்த விலக்கு துப்பாக்கியோட உடம்பப் பொறுத்தது. தாம்சன்/சென்டர் என்கோர் மாதிரி ஒரே ஃப்ரேம்ல இன்னைக்கு மசில்லோடர் குழல், நாளைக்கு .308 தோட்டா போடுற குழல்னு மாத்திக்கிற ரகம் இருந்தா, அந்த ஃப்ரேம் சட்டத்துல முழுத் துப்பாக்கி, மசில்லோடர் குழல் மாட்டுனதால அது பழங்காலப் பொருள் ஆகிடாது. அதுல தோள்கட்டையோட குட்டைக் குழல் மாட்டுறவன் தனக்குத் தெரியாமலே பெரிய குத்தத்துல மாட்டலாம். அதோட மத்திய சட்டம் விட்டாலும் மாநில வேட்டை விதில காலிபர், பூட்டு, சைட்டுன்னு தனித்தனி கட்டுப்பாடு இருக்கும், வருசா வருசம் மாறவும் செய்யும், அந்தந்த வருசத்துப் புத்தகத்தப் பாத்துட்டுத்தான் எறங்கணும்.

கடைல புதுசா நல்ல குட்டை கேப்லாக் கெடைக்கிறது கொறைஞ்சு போச்சு, ஒயிட் மவுன்டன் கார்பைன் எல்லாம் நிறுத்தி ரொம்ப வருசம் ஆகுது, பழசுதான் கைமாறும். பழசு வாங்கும்போது மேல பாலிஷ் எப்படி இருக்குன்னு பாக்காதீங்க, குழலோட அடிப்பக்கத்துல மருந்து உக்கார்ற எடத்துலதான் துரு அரிச்சிருக்கும், லைட் விட்டு அங்க பாருங்க. அதுக்கும் முன்னாடி ராம்ராட்ட உள்ள விட்டு வாய்கிட்ட வெரல வச்சுப் புடிச்சு, வெளிய எடுத்து குழல் மேலயே படுக்க வச்சுப் பாருங்க. நுனி நிப்பிள் இருக்குற எடம் வரைக்கும் வந்தா காலி. ரெண்டு மூணு இஞ்ச் முன்னாடியே நின்னா, விக்கிறவரோட அப்பாவோ தாத்தாவோ கெட்டிச்ச லோடு இன்னும் உள்ளயே இருக்கு. அப்படி இருந்தா கேப் வச்சுச் சுட்டுப் பாக்குற வேலையெல்லாம் வேணாம், துப்பாக்கி ரிப்பேர் பண்றவர்கிட்ட குடுத்து எடுக்கச் சொல்லுங்க.